பொங்கல் விடுமுறைக்குப் பின் வீட்டுப் பூனைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து, கிளாம்பாக்கத்திலும் எழும்பூரிலும் வந்திறங்கிய கூட்டம் கலைந்து, பள்ளிகளும் அலுவலகங்களும் வழக்கம்போல் இயங்கத் தொடங்கிவிட்டன. ஊருக்குப் புறப்படுகிறவர்கள் வீட்டை எப்படிப் பூட்ட வேண்டும், எரிவாயு உருளையை எப்படி மூட வேண்டும், பூட்டிய வீட்டைப் பற்றிக் காவல் நிலையத்தில் எப்படிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றெல்லாம் ஆண்டுதோறும் நாளிதழ்களில் பயனுள்ள குறிப்புகள் வருகின்றன. அந்த வீட்டுக்குள்ளேயே வளரும் பூனையைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. விடுமுறை முடிந்து குடும்பம் திரும்பிவந்த முதல் வாரத்தில் பூனைகளிடம் காணப்படும் சின்னஞ்சிறு மாற்றங்களை நம்மில் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறோம் என்பதையும், அந்தத் தவறு சில வேளைகளில் அவற்றின் உயிருக்கே கேடாக முடிகிறது என்பதையும் தங்கள் வாசகர்களிடம் எடுத்துச்சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் பல வீடுகளில் பூனை வளர்க்கிறார்கள். விடுமுறைக்குப் பிந்தைய நாள்களில் மாடிப்படியிலோ தண்ணீர் லாரி வரும் நேரத்திலோ சந்தித்துக்கொள்ளும்போது, பேச்சு தானாகப் பூனைகளின் பக்கம் திரும்பும். ஒரு வீட்டுப் பூனை கட்டிலுக்கு அடியை விட்டு வெளியே வர மறுக்கிறது. இன்னொன்று புதிதாக வெள்ளையடித்த சுவரில் சிறுநீர் கழித்துவிட்டது. மற்றொன்று வைத்த மீனைத் தொடவில்லை. இரவெல்லாம் வாசற்கதவருகே நின்று கத்துவதும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் பெரும்பாலோர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: தன்னை விட்டுவிட்டு ஊருக்குப் போனதால் பூனை கோபித்துக்கொண்டது, அதனால் வேண்டுமென்றே பழிவாங்குகிறது. கேட்பதற்குச் செல்லமாக இருக்கும் இந்த விளக்கத்தின் பின்விளைவுகள் செல்லமானவையாக இல்லை. பழிவாங்குகிறது என்று முடிவுகட்டிய பிறகு அதைத் திட்டுகிறார்கள், துடைப்பத்தால் விரட்டுகிறார்கள், சிறுநீர் கழித்த இடத்தில் அதன் மூக்கைக் கொண்டுபோய்த் தேய்க்கிறார்கள், இரவில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள்.

பூனைக்கு வீடு என்பது என்ன என்று தெரிந்துகொண்டால் இவற்றில் பாதி நிகழாது. நாம் வீட்டைக் கண்ணால் அறிகிறோம். பூனை மூக்கால் அறிகிறது. அதன் கன்னங்களிலும் முகவாயிலும் நெற்றியிலும் வாலின் அடியிலும் பாதங்களிலும் மணம் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. பூனை வளர்க்கும் எந்த வீட்டிலும் குனிந்து பார்த்தால், கதவு நிலையின் ஓரத்தில், தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேலே, எண்ணெய்ப் பிசுக்குப் போல ஒரு பழுப்புத் தடம் படிந்திருக்கும். நாள்தோறும் அது கடந்துபோகும்போதெல்லாம் கன்னத்தை உரசிச் சென்ற இடம் அது. பீரோவின் முனை, மேசைக்கால், சமையலறைக் கதவின் விளிம்பு என்று அதன் உயரத்தில் வீடு முழுவதும் இத்தகைய தடங்கள் இருக்கும். இது என் இடம், இங்கே எனக்கு அச்சமில்லை என்பதை அது தனக்குத்தானே உறுதிசெய்துகொள்வது இந்த மணத்தைக் கொண்டுதான்.

தைப் பொங்கலுக்கு நாம் செய்வது என்ன? மார்கழி முடிவதற்குள் வெள்ளையடிக்கிறோம். பரணில் உள்ளதையெல்லாம் இறக்கி, கதவையும் சன்னலையும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவுகிறோம். போகியன்று பழைய பாயையும் கிழிந்த மெத்தையையும் சாக்கையும் வெளியே எறிகிறோம். அந்தச் சாக்கின் மேல்தான் பூனை ஆண்டு முழுவதும் உறங்கியிருக்கும். விடியற்காலையில் தெருவெங்கும் புகை. அதற்கு மறுநாளோ அதே நாளோ வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறோம். தான் இட்டுவைத்த அடையாளங்கள் ஒன்றுகூட மிஞ்சாத வீட்டில், தெரிந்த மனிதர்களும் இல்லாமல், அந்தப் பூனை நான்கைந்து நாள்களைக் கழிக்கிறது. திரும்பிவந்த பிறகு அது புதுச் சுவரில் சிறுநீர் தெளித்தால், அழிந்துபோன அடையாளத்தை மீண்டும் எழுதப் பார்க்கிறது என்று கொள்வதே பொருத்தம். அதற்குப் பழியும் தெரியாது, வெள்ளையடித்த கூலியும் தெரியாது.

ஊரிலிருந்து வந்த பையைத் தரையில் வைத்ததும் நடப்பதை ஒருமுறை பொறுமையாக உட்கார்ந்து பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டுச் செவலைப் பூனை முதலில் பையை நேராக அணுகாது. சுவரோரமாகச் சுற்றிவந்து, கழுத்தை மட்டும் நீட்டி, பையின் அடிப்பகுதியை முகரும். அங்கேதான் மாட்டுத் தொழுவத்து மண்ணும் பேருந்தின் தரையழுக்கும் ஒட்டியிருக்கும். பிறகு வாயைப் பாதி திறந்து, மேலுதட்டைச் சற்றே உயர்த்தி, எதையோ நினைவுகூர்வதுபோல் அசையாமல் நிற்கும். பார்ப்பவர்கள் அதற்குக் குமட்டுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் மேலண்ணத்தில் ஜேக்கப்சன் உறுப்பு என்று ஒன்று இருக்கிறது. மணத்தை வாய்வழியாக இழுத்து அந்த உறுப்பில் சோதித்துக்கொள்ளும் நிலை அது. சோதனை முடிந்ததும் கன்னத்தைப் பையின் கைப்பிடியில் அழுத்தி உரசும், திரும்பி மறுபுறமும் உரசும், கடைசியில் பையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வந்தவுடன் பையைப் பிரித்து, துணிகளைத் துவைக்கப் போட்டு, பையையும் உதறிப் பரணில் ஏற்றிவிடும் சுறுசுறுப்பு நல்லதுதான். ஆனால் ஒரு பகலாவது அந்தப் பையைத் தரையில் கிடக்கவிட்டால் பூனை அமைதியடைவதை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். வீட்டைத் துடைக்கும்போதும் அதன் உயரத்தில் உள்ள தடங்களில் சிலவற்றை விட்டுவைக்கலாம். அது படுத்த பழந்துணி ஒன்றையாவது போகித் தீயிலிருந்து காப்பாற்றி வைக்கலாம்.

சுவரில் சிறுநீர் கழித்திருந்தால் அடிப்பதால் எந்தப் பயனும் இல்லை. எப்போதோ செய்ததற்கு இப்போது அடிபடுகிறோம் என்று பூனையால் தொடர்புபடுத்திப் பார்க்க இயலாது. மனிதர் அருகே வந்தால் வலிக்கும் என்று மட்டுமே கற்றுக்கொள்ளும், பதற்றம் இன்னும் கூடும், பதற்றம் கூடினால் மறுபடியும் சிறுநீர் தெளிக்கும். அந்த இடத்தை அம்மோனியா நெடி உள்ள திரவங்களால் கழுவுவதும் தவறு. சிறுநீரின் நெடியோடு ஒத்திருப்பதால் அதே இடத்துக்கே பூனை திரும்ப வரும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த திரவமே இதற்கு ஏற்றது.

இதைவிடப் பல மடங்கு கவனம் தேவைப்படும் செய்தி ஒன்றை இனிச் சொல்கிறேன். மேலே சொன்ன எதையும் மறந்தாலும், ஆண் பூனை வளர்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

எங்கள் மாடிவீட்டுக் குடும்பம் ஊரிலிருந்து திரும்பிய இரண்டொரு நாளில், அவர்களுடைய ஆண் பூனை மணல் தட்டில் அடிக்கடி ஏறி உட்கார்வதும், வெகுநேரம் முக்குவதும், இறங்கி வந்து அடிவயிற்றுக்குக் கீழே நக்கிக்கொள்வதும், மீண்டும் தட்டுக்கே போவதுமாக இருந்தது. மணலில் ஈரம் இல்லை. நடுநடுவே அடித்தொண்டையில் ஒரு கத்தல். "எங்க மேல கோபம்க்கா, விட்டுட்டுப் போயிட்டோம்ல, அதான் சாப்பிடாம முறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கு" என்று அந்த வீட்டுப் பெண் வருத்தத்தோடுதான் சொன்னார். மலச்சிக்கலாக இருக்கும் என்று அவருடைய மாமியார் விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்று கேட்டார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது பூனை சீறியது. கீழ்வயிறு கல்லாக இறுகியிருந்தது. உடனே ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் போனார்கள். மயக்க மருந்து கொடுத்துச் சிறுநீர்த்தாரையில் மெல்லிய குழாயைச் செலுத்தி, தேங்கியிருந்த சிறுநீரை வெளியேற்றிய பிறகே பூனை பிழைத்தது. வெளியேறிய சிறுநீர் இரத்தம் கலந்து செந்நிறமாக இருந்தது.

ஆண் பூனையின் சிறுநீர்த்தாரை நுனியில் மிகக் குறுகியது. சிறுநீர்ப்பை அழற்சியால் உண்டாகும் சளியோ, சிறுநீரில் படியும் நுண்படிகங்களோ அதை அடைத்துவிட்டால், வெளியேற வேண்டிய நஞ்செல்லாம் உடலிலேயே தங்கி, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயம் நின்றுவிடும். முழு அடைப்பு ஏற்பட்ட பூனை ஓரிரு நாள்களுக்கு மேல் தாங்குவது அரிது. இத்தகைய அழற்சிக்கு மனப்பதற்றம் ஒரு முக்கியத் தூண்டுகோல் என்று கால்நடை மருத்துவர்கள் கருதுகிறார்கள். வீடு மாறுவது, விருந்தினர் வருவது, வழக்கமான ஆள்கள் இல்லாமல் போவது எல்லாமே அந்தப் பதற்றத்துக்குள் அடங்கும். அதோடு தண்ணீரும் சேர்கிறது. பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை; இரையின் உடலில் உள்ள ஈரத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்த இனம் ஆதலால் தாகம் எடுத்துத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் பூனைக்குக் குறைவு. விடுமுறை நாள்களில் வசதி கருதி உலர்தீவனத்தை மட்டும் குவித்து வைத்துவிட்டுப் போகிறோம். கிண்ணத்துத் தண்ணீரில் தூசி விழுந்திருக்கும், தை மாதக் குளிரும் சேர்ந்துகொள்ளும். பூனை குடிப்பது இன்னும் குறைந்து, சிறுநீர் கெட்டிப்படுகிறது. எனவே ஊரிலிருந்து வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மணல் தட்டைத்தான். அடுத்த சில நாள்களுக்கு வேகவைத்த மீனையோ கோழியையோ உப்பும் மசாலாவும் இல்லாமல் வெந்த நீரோடு சேர்த்துக் கொடுப்பது நல்லது. தட்டில் முக்குகிற ஆண் பூனையைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவு முழுவதும் வைத்திருக்கவே கூடாது.

சாப்பிடாமல் இருப்பதையும் இப்படியே கோபம் என்ற கணக்கில் சேர்த்துவிடுகிறோம். வந்த அன்று ஒரு வேளை தவிர்ப்பது இயல்பு. ஆனால் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தால், குறிப்பாகக் கொழுத்த பூனையாக இருந்தால், உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் கல்லீரலில் வந்து படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். நாய் ஓரிரு நாள் உண்ணாமல் இருந்தாலும் தேறிவிடும். பூனையின் உடலமைப்பு அப்படிப்பட்டதன்று. காதின் உட்புறமோ ஈறோ மஞ்சளாகத் தெரிகிற கட்டத்தில் நோய் முற்றியிருக்கும். கோபம் தணிந்தால் தானாகச் சாப்பிடும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்தானது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

சாப்பிடாத பூனைக்குக் காய்ச்சல் என்று எண்ணி, குழந்தைக்கு வாங்கி வைத்த பாராசிட்டமால் மருந்தில் சில துளிகளைப் புகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நமக்கு நோய் தீர்க்கும் அளவில் ஒரு சிறு பங்குகூட அதைக் கொன்றுவிடும். பினாயிலும் அப்படியே. ஊரிலிருந்து வந்து தரையைப் பினாயிலால் துடைத்தால், அந்த ஈரத்தில் நடந்த பூனை தன் பாதத்தை நக்கும்போது நஞ்சு உள்ளே போகிறது. தரை நன்றாகக் காயும்வரை அதை வேறு அறையில் விட வேண்டும். பொங்கலுக்குக் கட்டிய பட்டுச் சேலையை மடித்து வைக்கும்போது பீரோவில் போடும் அந்துருண்டையும் அதற்கு நஞ்சு. வாங்கிய பூச்சரத்தில் மீந்த நூலைக் கீழே போடுகிறோமே, அதையும் குறிப்பிட வேண்டும். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உட்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், வாயில் சிக்கிய நூலைத் துப்ப முடியாமல் அது விழுங்கிக்கொண்டே போகும்; குடலில் அந்த நூல் இழுபட்டு அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோய் விடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல்முனை தொங்கினால் இழுக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோவதுதான் முறை.

ஊரிலிருந்து கொண்டுவந்த பலகாரங்களை அன்பு மிகுதியால் பூனைக்கும் வைக்கிறோம். இனிப்பைச் சுவைக்கும் உணர்வே பூனைக்கு இல்லை; அதற்குரிய மரபணு பூனை இனத்தில் செயலிழந்துவிட்டது என்பதை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்து அறிஞர்கள் 2005-ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். சர்க்கரைப் பொங்கலை அது நக்குவது நெய்க்காக. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பு அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாலும் வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குச் செரிப்பதில்லை. பாலும் பூனையும் நம் பேச்சில் பிரியாமல் இருந்தாலும், விடுமுறைக்குப் பின் வயிற்றுப்போக்கோடு வரும் பூனைகள் பலவற்றுக்குக் காரணம் பாலாகத்தான் இருக்கும்.

இரண்டு பூனைகள் உள்ள வீட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒன்றைக் காப்பகத்திலோ மருத்துவமனையிலோ விட்டுவிட்டு மற்றொன்றை வீட்டில் வைத்திருந்து, பிறகு இரண்டையும் சேர்த்தால், ஒரே வயிற்றில் பிறந்தவையாக இருந்தாலும் சீறிக்கொள்ளும், கடித்துக்கொள்ளும். வெளியே போய் வந்ததன் மேல் மருந்து நெடியும் பிற பூனைகளின் மணமும் ஏறியிருப்பதால் வீட்டிலிருந்த பூனைக்கு அது அந்நியப் பூனை. சண்டைபோட்டே தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் பகை நிலைத்துவிடும். இரண்டையும் தனித்தனி அறையில் வைத்து, ஒன்று படுத்த துணியை மற்றதன் இடத்தில் மாற்றி மாற்றிப் போட்டு, மூடிய கதவின் இரு பக்கமும் உணவு வைத்துப் பழக்கினால், பெரும்பாலும் சில நாள்களில் பழைய நட்பு திரும்பிவிடும்.

கோபம் என்ற விளக்கத்தை நான் மறுப்பதால், பூனைக்கு நம்மீது பற்றே கிடையாது, அதற்கு இடம்தான் பெரிது என்ற பழைய எண்ணத்தை ஏற்கிறேன் என்று கொள்ள வேண்டாம். 2017-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், வளர்ப்பவர் அரை மணி நேரம் வெளியே போய்த் திரும்பியபோதும் நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பியபோதும் பூனைகள் எவ்வாறு நடந்துகொண்டன என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நீண்ட பிரிவுக்குப் பின் அவை கூடுதலாகக் குர்குர்ரென்று ஒலியெழுப்பின, கூடுதலாக உடலை நீட்டி முறித்தன. 2019-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பூனைகள், தாயை அண்டிய குழந்தையைப் போலவே, தம்மை வளர்ப்பவர் அருகில் இருக்கும்போது அச்சம் நீங்கிச் சுற்றுமுற்றும் உலவின. ஆகவே, ஊரிலிருந்து வந்த இரவில் பூனை நம் காலைச் சுற்றிச் சுற்றி வருவதும், கழிவறைக் கதவுவரை பின்தொடர்வதும், வழக்கமில்லாமல் தலையணைமேல் வந்து படுப்பதும் அன்பினாலும் ஏக்கத்தினாலும் தான். அந்த நேரத்தில் வேலை இருக்கிறது என்று அதைத் தள்ளிவிடாமல், சற்று நேரம் தரையில் உட்கார்ந்து, அதுவாக அருகே வர இடம் கொடுத்தால் போதும். கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருப்பதை இழுத்துப் பிடித்துக் கொஞ்சுவதுதான் கூடாது.

குழந்தைகள் உள்ள வீடுகளில் பிரிவு இரண்டு முறை நிகழ்கிறது. அரையாண்டு விடுமுறையில் பகல் முழுவதும் குழந்தைகளோடு விளையாடிப் பழகிய பூனை, முதலில் பொங்கலுக்குத் தனியாகிறது. அடுத்து, பள்ளி திறந்ததும் பகலெல்லாம் வெறும் வீட்டில் மறுபடியும் தனியாகிறது. மாலையில் பள்ளி வேன் வரும் நேரத்துக்குச் சன்னலருகே போய் உட்கார்ந்துகொள்ளும் பூனையை நான் அறிவேன். வீட்டுப்பாடத்துக்கு முன்பாகக் கயிறு கட்டிய குச்சியைக் கொண்டு குழந்தைகள் கொஞ்ச நேரம் அதோடு விளையாடினால், இரவில் கத்தி எழுப்புவது குறைகிறது.

வீட்டுக்குள் வராமல், நம் மாடிப்படியையும் வாகன நிறுத்தத்தையும் நம்பி வாழும் தெருப்பூனைகளின் நிலை இன்னும் கடினம். குடியிருப்பே காலியாகும் பண்டிகை நாள்களில் அவற்றுக்குச் சோறு வைப்பவர் இல்லை, மீன் கழுவுபவர் இல்லை. நம் நாட்டின் தட்பவெப்பத்தில் பூனைகள் ஆண்டு முழுவதும் ஈனுகின்றன. ஆள் நடமாட்டம் இல்லாத அந்த நாள்களில் அசையாமல் நிற்கும் காரின் என்ஜின் அறையும், ஸ்கூட்டரின் அடிப்பகுதியும், திறந்து கிடக்கும் மீட்டர் பெட்டி அறையும் தாய்ப்பூனைக்குப் பாதுகாப்பான இடமாகத் தோன்றுகின்றன. விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமைக் காலையில் அவசரமாகச் சாவியைத் திருகுவதற்கு முன், பானட்டை நன்றாகத் தட்டி, முடிந்தால் திறந்தும் பார்க்க வேண்டும். குட்டிகள் இருந்தால் அன்றொரு நாள் பேருந்தில் போகலாம். தாய் பெரும்பாலும் இருட்டிய பிறகு ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விடும். தாய் பக்கத்தில் இல்லை என்பதற்காக உடனே குட்டிகளை எடுத்து மாட்டுப்பால் புகட்டத் தொடங்குவது, பிழைக்கக்கூடிய குட்டிகளையும் இழக்கச் செய்கிறது. முதலில் விலகி நின்று தாய் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

மிகுந்த வேதனையோடு இன்னொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. விடுமுறையில் பொழுதுபோகக் குழந்தைக்கு வாங்கிக் கொடுத்த குட்டியையும், சுவரை அசுத்தப்படுத்திவிட்டது என்று குற்றம் சாட்டப்பட்ட பூனையையும், சாக்கில் கட்டிக் கொண்டுபோய் மீன் சந்தையிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டு வரும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மீன் சந்தையில் விட்டால் வயிறாரப் பிழைத்துக்கொள்ளும் என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைக்கு நாயிடமிருந்து தப்பவும் தெரியாது, வண்டியைக் கண்டு விலகவும் தெரியாது. சந்தையில் ஏற்கெனவே இடம்பிடித்திருக்கும் பூனைகள் அதை அண்டவிடுவதும் இல்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, தக்க காரணமின்றி ஒரு விலங்கைப் பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும் நிலையில் கைவிடுவது குற்றம். ஆனால் முதல்முறை செய்தவருக்கு அச்சட்டம் விதித்திருக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தொகை மாறவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ப் பூனையை விட்டுவர ஆகும் செலவு அதைவிட அதிகம். மாட்டுக்கென்று ஒரு நாளை ஒதுக்கி, கொம்புக்கு வண்ணம் தீட்டி, முதல் வாய்ப் பொங்கலை ஊட்டிவிடும் மக்கள் நாம். அதே பண்டிகைக்குப் போய்வந்த கையோடு ஒரு வாயில்லா உயிரைத் தெருவில் இறக்கிவிடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. அந்த அபராதத் தொகையைத் திருத்தும்படி நம் மக்களவை உறுப்பினர்கள் குரல் எழுப்ப வேண்டும்.

ஊருக்குப் போகவே கூடாதா என்று சிலர் கேட்கக்கூடும். தாராளமாகப் போகலாம். பெரும்பாலான பூனைகளுக்குப் பேருந்துப் பயணத்தைவிடவும் காப்பகத்துக் கூண்டைவிடவும் சொந்த வீடே நல்லது. அடுத்த வீட்டில் இருப்பவரிடம் ஒரு சாவியைக் கொடுத்து, காலையும் மாலையும் வந்து உணவும் தண்ணீரும் மாற்றி, மணல் தட்டைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னால் போதுமானது. கிண்ணம் நிறைய மீன் சோற்றை வைத்துவிட்டு நான்கு நாளைக்கும் அதுவே போதும் என்று போவதுதான் தவறு. ஒரே நாளில் அது புளித்து எறும்பு மொய்த்துவிடும். புறப்படும் பரபரப்பில் பூனை பீரோவுக்குள்ளோ பரணிலோ கழிவறையிலோ அடைபட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதும், பூட்டுவதற்கு முன் அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுப் பூட்டுவதும் இன்றியமையாதவை. நம் மேல்சட்டை ஒன்றைத் துவைக்காமல் அது படுக்கும் இடத்தில் போட்டுவிட்டுப் போனால், நம் மணம் அதற்கு ஓரளவு துணையாக இருக்கும்.

இறுதியாகத் தங்களிடமும் அரசிடமும் இரண்டு வேண்டுகோள்கள். பண்டிகை நாள்களில் தனியார் கால்நடை மருத்துவமனைகள் பல மூடியிருக்கின்றன. மாடிவீட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு போனபோதும் இரண்டு இடங்களில் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு மூன்றாவது இடத்தில்தான் மருத்துவர் கிடைத்தார். 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி வளாகத்து மருத்துவமனையைப் போன்ற ஒன்று எல்லா ஊர்க்காரர்களுக்கும் கைக்கெட்டும் தொலைவில் இல்லை. எனவே தீபாவளி, பொங்கல் விடுமுறைகளில் மாவட்டவாரியாக எந்தெந்தக் கால்நடை மருத்துவமனைகள் எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்ற பட்டியலைக் கால்நடைப் பராமரிப்புத் துறை முன்கூட்டியே வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலையும், ஆண் பூனையின் சிறுநீர் அடைப்பு பற்றிக் கால்நடை மருத்துவர் ஒருவரின் விளக்கத்தையும், வீட்டைப் பூட்டிச் செல்வோருக்கான குறிப்புகளோடு சேர்த்துத் தங்கள் நாளிதழ் வருகிற தீபாவளிக்கு முந்தைய வாரத்திலேயே வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
வில்லிவாக்கம், சென்னை.